படத்தில் இல்லாதவர்: பினாங்கு முதல் காப்பார் வரை நிழற்பட உதவியாளர்

காப்பார் வட்டாரத் தமிழ்ப்பள்ளிகளில் பணியாற்றிய ஆசிரியர்களின் வீடுகளிலும் அங்குப் படித்தவர்களின் வீடுகளிலும் பழைய குழுப்படம் ஒன்றேனும் இருக்கும். தலைமையாசிரியர் நடுவில் அமர்ந்திருப்பார். இருபுறமும் ஆசிரியர்கள். பின்னால் வாங்குகளின்மேல் ஏறி நிற்கும் பிள்ளைகள், முன்னால் தரையில் சம்மணமிட்ட சிறுவர்கள். அவர்களுள் ஒருவன் மடியில் ஒரு சிறுபலகையைத் தாங்கியிருப்பான். பள்ளியின் பெயரும் வகுப்பும் ஆண்டும் அதில் சுண்ணக்கட்டியால் எழுதப்பட்டிருக்கும். அப்படத்தைக் கையில் எடுத்தால் நாம் முதலில் நம் முகத்தைத் தேடுகிறோம். பிறகு ஆசிரியரை, அதன்பின் நண்பரை. படத்தைப் பிடித்தவர் யார் என்று எவரேனும் கேட்டால், அட்டையைத் திருப்பிப் பின்புற முத்திரையைப் பார்த்துக் கிள்ளான் பட்டணத்துக் கடை ஒன்றின் பெயரைச் சொல்லிவிடுவோம்.

அந்த வாங்குகளை வகுப்பறையிலிருந்து தூக்கி வந்து அடுக்கியவர் யார்? உயரம் பார்த்துப் பிள்ளைகளை நிறுத்தியவர், கூசும் வெயிலில் கண்ணை மூடாதே என்று கையசைத்தவர், அன்றிரவே இருட்டறையில் நின்று படச்சுருளைக் கழுவியவர் யார்? இவற்றுட் பெரும்பகுதி படக்காரருடன் வந்த உதவியாளரின் வேலை. மலாயாவில் இவ்வேலையைத் தமிழர் செய்யத் தொடங்கி 160 ஆண்டுகளுக்கு மேலாகின்றன. அதன் வரலாற்றைத்தான் இவ்வுரையில் ஆராய முற்படுகிறோம்.

முதலில் சொல்லைப் பற்றி ஒரு சொல். 'உதவியாளர்' என்பது நாம் இன்று மதிப்புக் கருதி வழங்கும் பெயர். கடைகளில் அவரைப் 'பையன்' என்றார்கள். வயது நாற்பதைக் கடந்த பின்னும் பையன்தான். பேச்சு வழக்கில் 'எடுபிடி' என்ற சொல்லும் உண்டு. எடு, பிடி என்னும் இரண்டு ஏவல்களைச் சேர்த்து ஓர் ஆளுக்குப் பெயராக்கிய சொல் அது. இத்தொழிலுக்கு அச்சொல் வியப்பூட்டும் வகையில் பொருந்துகிறது. தமிழில் நாம் படத்தை 'எடுக்கிறோம்' அல்லது 'பிடிக்கிறோம்'. அவ்விரு வினைகளும் முதலாளிக்குச் சேரும்போது கலையாகின்றன. பையனுக்குச் சேரும்போது ஏவலாகின்றன. புகைப்படம், நிழற்படம், ஒளிப்படம் என்று அக்கலையின் பெயரைப் பற்றி மொழியறிஞர் நெடுங்காலம் வாதிட்டிருக்கின்றனர். நாம் இங்கே நிழற்படம் என்பதையே கொள்கிறோம். எந்தச் சொல்லைக் கொண்டாலும் கருவிக்குப் பின்னால் நின்றவர் ஒருவரே என்ற எண்ணம் நம்மிடம் ஊன்றிவிட்டது. தொடக்க காலத்தில் அது நடைமுறையில் அரிதாகவே இயலும்.

மலாய் மொழியில் நிழற்படக் கருவியைப் பற்றி எழுதப்பட்ட மிகப் பழைய விவரிப்புகளுள் ஒன்று முன்ஷி அப்துல்லாவுடையது. 1843-இல் எழுதி முடிக்கப்பட்டு 1849-இல் அச்சான 'ஹிகாயத் அப்துல்லா' என்னும் தன்வரலாற்றில், அமெரிக்கக் கப்பல் ஒன்றின் மருத்துவர் காட்டிய உலோகத் தகட்டுப் படத்தை அவர் வியந்து பதிவு செய்கிறார். சிங்கப்பூர் நகரின் காட்சி அத்தகட்டில் பதிந்திருந்தது. அரபு, தமிழ் மரபுகள் கலந்த குடும்பத்தில் பிறந்தவர் அவர். இளமையில் தமிழும் பயின்றவர். ஆக, இந்நாட்டில் இக்கலையைக் கண்டு எழுத்தில் வடித்த முன்னோடிகளுள் ஒருவருக்குத் தமிழ் தெரிந்திருந்தது. அவர் கண்டது தகட்டு முறை. 1851-இல் பிரெடெரிக் ஸ்காட் ஆர்ச்சர் என்னும் ஆங்கிலேயர் வெளியிட்ட ஈரக் கண்ணாடி முறையே உதவியாளர் என்னும் தொழிலுக்கு வித்திட்டது.

அம்முறையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். சொன்னால்தான் பின்வருவது விளங்கும். ஈதரும் மதுசாரமும் கலந்த கொலோடியன் என்னும் பிசுபிசுத்த கரைசலைத் துடைத்த கண்ணாடியின்மேல் ஊற்றி, நான்கு மூலைக்கும் ஓடும்படி சாய்த்துச் சமமாகப் பரப்ப வேண்டும். அது இறுகத் தொடங்கியதும் இருட்டில் வெள்ளி நைத்திரேட்டுக் கரைசலில் அமிழ்த்த வேண்டும். நீர் சொட்டும் நிலையிலேயே கருவியில் செருகிப் படத்தைப் பதிந்து, உலர்வதற்குள் இருட்டுக்குள் கொண்டு ஓடி உருத்துலக்க வேண்டும். குளிர்நாட்டில் இதற்கெல்லாம் பத்துப் பதினைந்து நிமிடம் கிடைக்கும். பினாங்கு வெயிலில் ஈதர் ஆவியாகிப் போகும் வேகத்துக்கு அதுவும் கிடைக்காது. கருவியின் பக்கத்தில் ஒருவர் நின்று ஒளியையும் முகத்தையும் பார்த்துக்கொண்டிருக்க, கூடாரத்தில் மற்றொருவர் அடுத்த கண்ணாடியை ஆயத்தம் செய்தாக வேண்டும். பிறகு முட்டையின் வெண்கரு பூசிய தாளை வெள்ளிக் கரைசலில் மிதக்கவிட்டு உலர்த்தி, கண்ணாடியோடு சேர்த்துச் சட்டத்தில் பூட்டி, வெயிலில் வைத்து, உரு எழும் அளவைக் கண்ணால் பார்த்து எடுக்க வேண்டும். பொன் உப்பில் நிறமேற்றி, ஹைப்போவில் நிலைநிறுத்தி, மணிக்கணக்கில் நீரில் அலசினால் ஒரு படம். இவ்வேலை செய்தவரின் விரல்களை வெள்ளி உப்பு கறுப்பாக்கிவிடும். சோப்புக்கு அக்கறை போகாது. அதைப் போக்கப் பொட்டாசியம் சயனைடைத் தேய்த்துக் கழுவியவர்கள் உண்டு. ஒரு சிட்டிகை வயிற்றுக்குள் போனால் உயிரைக் குடிக்கும் நஞ்சு அது.

இந்நிலையில்தான் 1862-இல் ஜான் தாம்சன் பினாங்கில் தொழில் தொடங்குகிறார். 1837-இல் எடின்பரோவில் பிறந்த ஸ்காத்லாந்துக்காரர். பின்னாளில் சயாம் மன்னரையும் அங்கோர் கோயில்களையும் சீனத்தின் உட்பகுதிகளையும் படம் பிடித்து உலகப் புகழ் பெற்றவர். பினாங்கிலும் எதிர்க்கரையிலுள்ள வெல்லெஸ்லி மாகாணத்திலுமாக அவர் ஏறத்தாழப் பத்து மாதம் கழித்தார். 1875-ஆம் ஆண்டைத் தாங்கி வெளிவந்த தம் பயண நூலில் அக்காலத்தை நினைவுகூரும்போது, மதராசிலிருந்து வந்த இருவரைத் தமக்கு அச்சிடுவோராகவும் உதவியாளராகவும் பயிற்றுவித்ததாக அவர் குறிப்பிடுகிறார். சீனர்கள் இதைப் பேய்த்தொழில் என்று கருதிக் கைகொடுக்க மறுத்துவிட்டார்களாம். நூலில் இருவரைப் பற்றிய செய்தி இவ்வளவுதான். ஒரு வாக்கியத்துக்குள் அடங்கிவிடுகிறது. எனினும் மலாயாத் தமிழரின் தொழில் வரலாற்றில் அந்த வாக்கியத்துக்குரிய இடம் பெரிது. ரப்பர் மரம் இங்கே தோட்டப் பயிராவதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே, தமிழ்நாட்டுக் கரையிலிருந்து வந்த இருவர் இந்நாட்டின் நிழற்பட இருட்டறையில் நின்றிருக்கின்றனர். தோட்டத் தொழிலாளி என்ற ஒற்றை உருவில் நம் முன்னோரைக் காணப் பழகிய மாணவர்களுக்கு இச்செய்தியை முதலில் சொல்ல வேண்டும்.

அவ்விருவரையும் தாம்சன் 'கிளிங்' என்னும் சொல்லாலும் சுட்டுகிறார். கலிங்கம் என்னும் நாட்டுப் பெயரிலிருந்து வந்ததாகக் கருதப்படும் அச்சொல், தீவுக்கூட்ட வணிக உலகில் தென்னிந்தியர் அனைவருக்கும் பொதுப்பெயராக வழங்கிற்று. பினாங்கின் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் இன்றும் அப்பெயரைத் தாங்கி நிற்கிறது. காலப்போக்கில் அது இழிசொல்லாகத் தேய்ந்ததை நாம் அறிவோம். அச்சொல்லைவிட நம்மை உறுத்துவது வேறொன்று. அந்த இருவரின் பெயரைத் தாம்சன் எழுதவில்லை. பிற்காலச் சீனப் பயணங்களில் தம்முடன் வந்த ஆஹோங் என்னும் சீன உதவியாளின் பெயரை எழுதத் தெரிந்தவர்தான் அவர். அவரும் ஒருகாலத்தில் பையனாக இருந்தவரே. எடின்பரோவில் ஓர் ஒளியியல் கருவித் தொழிலகத்தில் பயிற்சியாளாகச் சேர்ந்துதான் கண்ணாடியையும் வேதிப்பொருளையும் கையாளக் கற்றார். அவருக்குத் தொழில் கற்பித்தவர் ஜேம்ஸ் மக்கே பிரைசன் ஆகலாம் என்று ஆய்வாளர்கள் தேடிக் கண்டுள்ளனர். ஆசானைத் தேடிச் சென்ற ஆய்வு மாணவர்களைத் தேடி வரவில்லை.

இப்புறக்கணிப்பு எங்கும் ஒரே அளவில் இருந்ததென்றும் சொல்ல இயலாது. அதே காலத்தில், அதே மதராசில், ஒருவருடைய பெயர் நிலைத்திருக்கிறது. லின்னேயஸ் டிரைப் என்னும் படையதிகாரி 1856-இல் சென்னை மாகாண அரசின் நிழற்படக்காரராக அமர்த்தப்பட்டார். 1858-இல் மதுரை, தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி, திருவரங்கம், புதுக்கோட்டை ஆகிய ஊர்களின் கோயில்களையும் அரண்மனைகளையும் மெழுகேற்றிய தாள் முறையில் அவர் பிடித்த படங்கள் இன்றும் கட்டடக்கலை ஆய்வுக்கு உதவுகின்றன. தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தைச் சுற்றி ஓடும் கல்வெட்டுகளை 21 படங்களாகப் பிடித்து ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே சுருளாக ஆக்கியது அவருடைய பணிகளுள் நாம் மிகவும் மதிக்கத்தக்கது; தமிழ்க் கல்வெட்டை வரிசை கெடாமல் நிழற்படத்தில் காணும் முயற்சி அவ்வளவு முற்பட்ட காலத்திலேயே நடந்திருக்கிறது. டிரைப்பின் முதன்மை உதவியாளர் சி. ஐயாசாமி. அலெக்சாந்தர் ஹண்டர் 1850-இல் தொடங்கிய சென்னைக் கலைப்பள்ளியில் பயின்றவர் அவர். புதிய ஆளுநர் டிரெவெல்யன் இப்பணியை அரசின் நிதிநிலைக்கு ஒவ்வாத ஆடம்பரம் என்று கருதியதால் 1860-இல் டிரைப்பின் அலுவலகம் மூடப்பட்டது.

ஐயாசாமியின் பெயர் நமக்குக் கிடைப்பதற்கும் பினாங்கு இருவரின் பெயர் கிடைக்காமற் போனதற்கும் அவர்களுடைய திறமையில் காரணம் தேட வேண்டியதில்லை. ஐயாசாமி ஒரு பள்ளியின் மாணவர். அரசுப் பணத்தில் ஊதியம் பெற்றவர். பள்ளிக்கு வருகைப் பதிவேடு உண்டு. அரசுக்குக் கணக்குப் புத்தகம் உண்டு. தனியார் கடையில் வேலை கற்ற இருவருக்கு அவ்விரண்டும் இல்லை. பதிவேடு என்பது பள்ளி வேலைகளில் ஆசிரியர்களுக்கு மிகவும் சலிப்பூட்டுவது என்பதை நாம் அறிவோம். ஆயினும் சில மனிதர்கள் வரலாற்றில் எஞ்சியது அதனால்தான்.

இனிக் காப்பாருக்கு வருவோம். கிள்ளானிலிருந்து கோலசிலாங்கூர் நோக்கிச் செல்லும் கடலோரச் சாலையில் அமைந்த இவ்வட்டாரம், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் காப்பித் தோட்டங்களாலும், காப்பி விலை வீழ்ந்தபின் ரப்பராலும் உருப்பெற்றது. வல்லம்புரோசா, ஜாலான் அக்கோப் முதலிய தோட்டங்களின் பெயர்கள் இன்று தமிழ்ப்பள்ளிகளின் பெயர்களாக நம் நாவில் நிற்கின்றன. ரப்பர் விலை ஏறிய ஆண்டுகளில் நிழற்படக்காரர்களும் தோட்டங்களைத் தேடி வந்தனர். சுமத்திராவின் மேடானில் தொழில் நடத்திய ஜெர்மானியர் கிளைன்குரோத்தே 1907-இல் மலாயா தீபகற்பத்தைப் பற்றிய பெரிய படத்தொகுப்பை வெளியிட்டார். 1908-இல் ஆர்னால்டு ரைட் பதிப்பித்த பிரித்தானிய மலாயா பற்றிய பெருநூலில் தோட்டங்களும் பங்களாக்களும் துரைமார்களும் பக்கம் பக்கமாக இடம்பெற்றனர். இவ்வகைத் தொகுப்புகள் முதலீட்டாளர்களின் கண்ணுக்காக ஆக்கப்பட்டவை. துரைக்குப் பெயர் உண்டு. பால்மரம் சீவும் தொழிலாளி 'தமிழ்க் கூலி'. படத்தின் உள்ளே நின்றவருக்கே பெயரில்லாதபோது வெளியே நின்றவரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

தோட்டக் குழுப்படத்தில் இருக்கை ஒழுங்கு ஒன்று உண்டு. துரை நாற்காலியில் நடுவே, கிராணிமார் அவரருகே, கங்காணியும் தண்டலும் பின்னே நிற்பர், தொழிலாளர் தரையிலோ ஓரத்திலோ. இவ்வொழுங்கைத் துரை வாய்திறந்து சொல்வதில்லை. நாற்காலியைத் தூக்கி வைக்கிறவன் அதை அறிந்திருக்க வேண்டும். கிராணியின் நாற்காலி துரையின் நாற்காலிக்கு அரை அடி முன்னே வந்துவிட்டால் பிழை பையனுடையது. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த பெரும் வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளுள், துரையைக் கண்டால் மிதிவண்டியிலிருந்து இறங்கி நிற்கும் கட்டாயம் ஒழிய வேண்டும் என்பதும் ஒன்றாக இருந்தது. 'தமிழ் நேசன்' இதழில் பணிபுரிந்த ஆர். எச். நாதன் தலைமையேற்ற அப்போராட்டம் படை கொண்டு ஒடுக்கப்பட்டது. தொழிலாளர் சிலர் சுட்டுக் கொல்லப்பட்டனர். நாதன் நாடு கடத்தப்பட்டார். மிதிவண்டியிலிருந்து இறங்குவதும் நாற்காலியைத் தள்ளி வைப்பதும் ஒரே இலக்கணத்தின் இரு விதிகள். அவ்வேலைநிறுத்தத்தைப் பற்றி வகுப்பில் பேசும்போது அக்காலத்துத் தோட்டக் குழுப்படம் ஒன்றையும் பக்கத்தில் வைத்தால், கோரிக்கையின் பொருள் மாணவருக்குத் தானே விளங்கும்.

போருக்குப் பின் கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸ் பகுதியிலும் நிழற்படக் கடைகள் தோட்டக் குடும்பங்களை நம்பி வளர்ந்தன. சம்பள நாளுக்கு அடுத்த ஞாயிறும் தீபாவளியை ஒட்டிய நாட்களும் அவர்களுக்கு அறுவடைக் காலம். மாடிப்படியும் பூந்தோட்டமும் தீட்டிய திரைச்சீலையின் முன்னே, தோட்டத்து லயத்திலிருந்து வந்த குடும்பம் நிற்கும். திரையைச் சுருக்கமில்லாமல் இழுத்துக் கட்டுவது, குழந்தையை முதலில் அழவிடாமலும் பிறகு தூங்கவிடாமலும் பார்த்துக்கொள்வது, பெரியவரின் வேட்டி மடிப்பைச் சீராக்குவது, விளக்கின் வெப்பத்தில் வழியும் வியர்வையை ஒற்றி எடுக்கத் துண்டு கொடுப்பது எல்லாம் பையன் வேலை. துக்க வீட்டுக்கும் அழைப்பு வரும். ஊரிலிருக்கும் உறவினர் கடைசி முகத்தைக் காணட்டும் என்று பிணப்பெட்டியைச் சுற்றிக் குடும்பத்தை நிறுத்திப் படம் பிடிப்பது அக்கால வழக்கம். அழுகிறவர்களை அழுகை நிறுத்தச் சொல்லிக் கருவியைப் பார்க்க வைக்கும் பொறுப்பு பெரும்பாலும் பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளையின் தலையில் விழுந்தது. எந்தத் தொழிற்கல்வியும் இதைக் கற்பித்ததில்லை.

அவன் உண்மையில் தொழில் கற்ற இடம் இருட்டறை. மெட்டோல், ஹைட்ரோகுவினோன், சோடியம் சல்பைட்டு, போராக்ஸ் என்று தராசில் கிராம் கணக்காக நிறுத்து, சொல்லப்பட்ட வரிசையில் நீரில் கரைக்க வேண்டும். வரிசை பிறழ்ந்தால் கரைசல் கெடும். உருத்துலக்கும் கரைசலுக்குப் புத்தகங்கள் விதித்த வெப்பநிலை 20 பாகை செல்சியஸ். நம் நாட்டுக் குழாய்த்தண்ணீர் ஏறத்தாழ 28 பாகை. அவ்வெப்பத்தில் சுருளின் மேலுள்ள ஊன்பசைப் படலம் ஊறி இளகி, விரல் பட்டால் முகத்தோடு சேர்ந்து உரிந்து வந்துவிடும். ஆதலால் ஐஸ் கட்டி இல்லாமல் இருட்டறை இல்லை. பெரிய தட்டில் ஐஸைப் பரப்பி அதன்மேல் கரைசல் தட்டை வைக்க வேண்டும். அவசரத்தில் ஐஸைக் கரைசலுக்குள்ளேயே போட்டால் அது உருகிக் கரைசலை நீர்க்கச் செய்து படத்தை வெளிறச் செய்யும். புதுப் பையன்கள் அடி வாங்கிக் கற்ற பாடங்களுள் இதுவும் ஒன்றாயிருக்க வேண்டும் என்பது நம் ஊகம். சில சுருள்களுக்குச் சிவப்பு விளக்கும் ஆகாது; முழு இருளில் வாயால் எண்ணிக் காலம் கணிக்க வேண்டும். மெட்டோல் பட்டுப் பட்டு விரலிடுக்குகள் வெடித்துச் சொறி பிடிப்பது இத்தொழிலின் அறியப்பட்ட நோய்.

சில ஆண்டுகள் கழித்து, கை நிதானம் உடையவனுக்குத் திருத்தும் வேலை கிடைக்கும். ஊசிபோல் சீவிய பென்சிலால் எதிர்மத்தின்மேல் நுண்ணிய புள்ளிகள் இட்டு, அம்மைத் தழும்பையும் கண்ணுக்குக் கீழுள்ள கருமையையும் மறைக்கும் வேலை அது. எதிர்மத்தில் இடும் கரும்புள்ளி படத்தில் வெண்மையாகும் என்பதை மனம் எப்பொழுதும் தலைகீழாகக் கணக்கிட்டுக்கொண்டே இருக்க வேண்டும். பெண் பார்க்க அனுப்பும் படமென்றால் மாநிறத்தையும் ஒருபடி வெளுக்கச் சொல்வார்கள். வெயிலில் உழைத்த ஒரு தலைமுறையின் நிறத்தை இரவில் பென்சிலால் குறைத்துக்கொண்டிருந்தவர்களும் அதே வெயிலில் பிறந்த பிள்ளைகள்தாம். இன்று நம் வீட்டுச் சுவரில் தொங்கும் பாட்டியின் முகம் எவ்வளவு பாட்டியுடையது, எவ்வளவு அப்பென்சிலுடையது என்று பிரித்தறிவது அரிது.

இவையெல்லாம் விரும்பிப் பிடித்த படங்கள். விருப்பத்தைக் கேளாமல் பிடித்த படங்களும் உண்டு. இந்நாட்டுத் தமிழரின் வாழ்வில் அவற்றின் எடை மிகுதி. 1948 சூன் மாதத்தில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டபின், பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட அனைவரும் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று ஆணை பிறந்தது. நிழற்படமும் பெருவிரல் ரேகையும் பொருந்திய அடையாள அட்டை ஒவ்வொருவருக்கும் வழங்கப்பட்டது. அட்டையைப் பறித்துக் கிழிப்பதைக் காட்டிலிருந்த கெரில்லாக்கள் ஒரு போர்முறையாகவே கொண்டனர் என்றால், அச்சிறு தாளின் மதிப்பு விளங்கும். அதுவரை தனியே படம் எடுத்துக்கொள்ளாத தொழிலாளியும் முதன்முறையாக ஒரு வெள்ளைத் துணியின் முன் தனியாக நிற்க வேண்டியதாயிற்று. குடும்பமில்லை, திரைச்சீலையில் பூந்தோட்டமில்லை. நேர்ப்பார்வை, இரு காதுகளும் தெரிய வேண்டும். ஒரு தோட்டத்தையே நிறுத்திப் படம் பிடிக்கும் வேலையில் ஆள் மாறாமல் பார்ப்பது சிறு காரியமன்று. முனியம்மாவின் முகம் மாரியம்மாவின் அட்டையில் ஒட்டப்பட்டால் அப்பிழை அவருடைய வாழ்நாள் முழுவதும் அலுவலகத்துக்கு அலுவலகம் தொடரும்.

விடுதலைக்குப் பின் நீல அட்டை குடிமக்களுக்கும் சிவப்பு அட்டை நிரந்தரவாசிகளுக்கும் என்று ஆனபோது, பிறப்புச் சான்றிதழ் இல்லாத தோட்டத்துப் பிள்ளைகள் பலர் சிவப்பு அட்டையோடு முதுமை எய்தினர். துண்டாடலில் தோட்டம் கைமாறி, லயம் இடிக்கப்பட்டு, ஆவணங்கள் தொலைந்த குடும்பங்களுக்குத் தாம் இன்ன ஆண்டில் இன்ன இடத்தில் இருந்தோம் என்று காட்டக் கையில் எஞ்சியது சில வேளை ஒரு பள்ளிக் குழுப்படம் மட்டுமே. சட்டத்தின் முன் அது எவ்வளவு செல்லும் என்பது வேறு. ஆனால் சிறுபலகையில் பள்ளியின் பெயரும் ஆண்டும் தெளிவாகத் தெரியும்படி படம் அமைந்திருப்பது அப்பொழுதுதான் எவ்வளவு பெரிய உதவி என்று தெரிகிறது. பலகையைச் சற்று நிமிர்த்திப் பிடி, வெயில் பட்டு எழுத்து மறைகிறது என்று சொல்லி அதைத் திருப்பி வைத்தவர் யாரோ ஒருவர்.

வண்ணப்படத்தைத் தானே கழுவித் தரும் இயந்திரங்கள் கடைகளுக்கு வந்தபின் இருட்டறை தேவையற்றுப் போயிற்று. 2001-இல் அறிமுகமான மைகார்டு முகத்தை மின்னணுச் சில்லில் ஏற்றிக்கொண்டது. இருட்டறை மூடியபோது பையன்களும் கலைந்தனர். சிலர் திருமணப் படப்பிடிப்புக்குப் போயினர், சிலர் தொழிற்சாலைக்கு. கடைகள் மூடும்போது எதிர்மங்களைப் பெட்டி பெட்டியாகக் குப்பையில் கொட்டிய வழக்கம் தமிழ்நாட்டிலும் உண்டு. அங்கே புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைச் சார்ந்த ஆய்வாளர்கள், பிரித்தானிய நூலகத்தின் அழியும் ஆவணங்களுக்கான திட்டத்தின் துணையோடு, பழைய படக்கடைகளைத் தேடிச் சென்று அவற்றின் படங்களை மின்வடிவில் காத்தனர். நம் வட்டாரத்துக்கும் அத்தகைய தேடல் வேண்டும். பெரிய நிறுவனம் வரும்வரை காத்திருக்கத் தேவையுமில்லை. வரலாற்று மன்றம் உள்ள எந்தப் பள்ளியும் இன்றே தொடங்கலாம்.

தொடங்கும் மாணவருக்கு ஒரு வழி சொல்லலாம். காப்பார் வட்டாரத்தின் இரு வேறு பள்ளிகளில் ஒரே ஆண்டில் பிடிக்கப்பட்ட குழுப்படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சிறுபலகைகளை உருப்பெருக்கியால் பார்க்க வேண்டும். முதலில் பின்புற முத்திரை ஒரே கடையுடையதா என்று காண்க. பிறகு எழுத்தைக் காண்க: ழகரத்தின் சுழி, ளகரத்தின் கால், ஆண்டெண்ணில் 6-இன் வயிறு, 7-இன் கொம்பு. ஒரு பள்ளியின் பலகையை அப்பள்ளி ஆசிரியர் எழுதியிருக்கக்கூடும். இரு பள்ளிகளின் பலகைகளிலும் கையெழுத்து ஒன்றாக இருந்தால் அது எந்த ஆசிரியருடையதாகவும் இருத்தல் அரிது. இரு பள்ளிகளுக்கும் சென்றவர் எழுதியது அது: கருவியோடு வந்து, வாங்கு அடுக்கி, சுண்ணக்கட்டி கேட்டு வாங்கி, எழுதி முடித்ததும் படத்துக்கு வெளியே நகர்ந்துகொண்டவர். கடையின் முத்திரையைக் கொண்டு அங்கு வேலை செய்தவர்களை விசாரித்தால், அந்த ழகரத்தை அடையாளம் சொல்லக்கூடியவர் கிள்ளானில் இன்னும் ஒருவரேனும் இருப்பார்.